ப்ரெஸ்ஸோனின் ‘பணம்’: பதினாலு வருஷம் கழித்து

ராபர்ட் ப்ரெஸ்ஸோனின் கடைசிப் படமான ‘பணம்’ பற்றி நான் பதினாலு வருஷங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். படத்தைப் பார்த்தது போன மாதம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பி.ஏ. படிக்கும்போது ஒரு நண்பர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில் இந்தப் படத்தைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை ஒன்று படித்தேன். அதன் பிறகு ப்ரெஸ்ஸோன் தன் கலையைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளின் சின்னப் புத்தகம். அதன் பிறகு ஓஸு, ப்ரெஸ்ஸோன், ட்ரையர் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி பால் ஷ்ரேடர் 1972இல் எழுதிய புத்தகம். இந்த முதலீட்டை வைத்துக்கொண்டு டீக்கடை வாசல்களிலும், இரண்டு கூட்டங்களிலும், ஒரு தடவை அச்சிலும்கூட, பணம் என்பது நவீன உலகின் தீமையின் உருவகம் என்றும், ப்ரெஸ்ஸோன் அதைத் துறவியின் கண்ணால் பார்த்தார் என்றும் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களும் பார்த்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நம் சிறுபத்திரிகை உலகில் சில பெயர்கள் இப்படித்தான் செலாவணியாகின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கப்படாமல். முன்பாவது படம் கிடைக்கவில்லை, ஃபிலிம் சொஸைட்டியில் வந்தால்தான் உண்டு என்று காரணம் சொல்லலாம். என் காலத்தில் அந்தக் காரணமும் இல்லை. என்னிடமே இந்தப் படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஆறு வருஷம் கிடந்தது. பார்க்காமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பார்த்தால் நான் சொல்லிவந்தது பொய்யாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. பயம் வீண்போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, 85 நிமிஷப் படத்தைப் பார்த்து முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து முதல் கட்டைப் பிரிக்கும்போது என் கைகளை நானே வேறு யாருடைய கைகளையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதையைச் சொன்னால் கெட்டுப்போகிற படம் அல்ல இது. பாரிஸில் வசதியான வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் நார்பேர், மாதச் செலவுப் பணத்துக்கு மேல் கொஞ்சம் கேட்கிறான். அப்பா தர மறுக்கிறார். பையன் தன் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு சிநேகிதனிடம் போகிறான். சிநேகிதன் 500 ஃப்ராங்க் கள்ள நோட்டு ஒன்றைக் காட்டுகிறான். இருவரும் ஒரு புகைப்படக் கடைக்குப் போய், விலை குறைந்த சட்டம் ஒன்றை வாங்கி, நோட்டை மாற்றிக்கொள்கிறார்கள். கடைக்காரனுக்கு விஷயம் தெரிகிறது. ஏற்கனவே கடைக்கு வந்து சேர்ந்திருந்த வேறு கள்ள நோட்டுகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து, எரியெண்ணெய் கொண்டுவந்து இறக்கும் தொழிலாளி ஈவோனுக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் தள்ளிவிடுகிறான். ஈவோன் அதைச் சாப்பாட்டுக் கடையில் நீட்டும்போது பிடிபடுகிறான். போலீஸோடு புகைப்படக் கடைக்குத் திரும்பி வந்தால், கடைப் பையன் லூசியன், இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்கிறான். கோர்ட்டிலும் அதையே சொல்கிறான். ஈவோன் சிறைக்குப் போகவில்லை, எச்சரிக்கையோடு விடப்படுகிறான். ஆனால் வேலை போய்விட்டது. வேலை போனவன் ஒரு வங்கிக் கொள்ளைக்குக் கார் ஓட்டப் போகிறான். மாட்டிக்கொண்டு மூன்று வருஷச் சிறை. உள்ளே இருக்கும்போது குழந்தை இறக்கிறது, மனைவி எலீஸ் இனி வரமாட்டேன் என்று எழுதுகிறாள். வெளியே வந்ததும் தங்கிய ஹோட்டலின் சொந்தக்காரர்களைக் கொல்கிறான். பிறகு, தன்னை ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டில் ஏற்றுச் சோறு போட்ட நரைத்த தலைப் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் கோடாலியால் கொல்கிறான். ஒரு காபிக் கடையில் இருந்த போலீஸ்காரர்களிடம் போய்ச் சொல்லிச் சரணடைகிறான். படம் முடிகிறது.

நான் இத்தனை வருஷம் இந்தப் படத்தைப் பேராசையைப் பற்றிய படம் என்று சொல்லிவந்தேன். படத்தில் பேராசை எங்கே இருக்கிறது? இரண்டாவது தடவை பார்க்கும்போது தேடிக்கொண்டே பார்த்தேன். புகைப்படக் கடைக்காரனுக்குப் பேராசை இல்லை. யாருடைய பணத்தையும் அள்ளிக்கொள்ள அவன் கனவு காணவில்லை. தன் கணக்கில் விழுந்த பள்ளத்தைத் தூர்க்க வேண்டும், அவ்வளவுதான். நார்பேரின் அம்மாவுக்குப் பேராசை இல்லை. பையன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கடைக்கு வந்து உறையில் பணம் கொடுத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். அவள் செய்வதைத் தாய்ப் பாசம் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்வோம். லூசியன் பொய் சொல்வது முதலாளி சொன்னதற்காக. அதற்குக் கிடைக்கிற வெகுமதியும் பெரிதில்லை. இவர்களில் யாரும் லாபத்துக்காக எதையும் செய்யவில்லை. நஷ்டம் தன்னிடம் வந்து நின்றுவிடக் கூடாது என்று செய்கிறார்கள். கையில் வந்ததை அடுத்த கைக்குக் கடத்திவிட வேண்டும். கடைசியில் கடத்துவதற்கு ஆள் இல்லாதவன் ஒருவன் இருப்பான். அவன்தான் ஈவோன்.

இதை எந்தச் சித்தாந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கேஷ் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் கைக்காசு போட வேண்டும். எண்ணி வாங்கிவைத்த கட்டில் கள்ள நோட்டு ஒன்று பின்னால் தெரியவந்தால், அதை யார் கொடுத்தார் என்று இனிச் சொல்ல முடியாது. அதுவும் கைக்காசுதான். அப்போது மனசில் ஒரு யோசனை வரும். வராது என்று சொல்கிறவனை நான் நம்பமாட்டேன். நாளைக்குப் பட்டுவாடா செய்யப்போகிற கட்டில் இதைச் செருகிவிட்டால்? இந்த யோசனையின் பெயர் பேராசை அல்ல. இதற்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. ப்ரெஸ்ஸோன் இந்தப் பெயரில்லாத விஷயத்தைத்தான் படம் பிடித்திருக்கிறார்.

பணத்தைப் பற்றிய மற்ற படங்களை யோசித்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகிறது. ஸோலாவின் நாவலை வைத்து மார்ஸெல் லெர்பியே 1928இல் எடுத்த படத்துக்கும் ப்ரெஞ்சில் இதே பெயர்தான். பாரிஸ் பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள்ளேயே ஏராளமான துணை நடிகர்களை நிரப்பி, காமிராவை உயரத்திலிருந்து கூட்டத்தின் மேல் பாயவிட்டு எடுத்த படம். ஆசை அங்கே ஒரு பிரம்மாண்டம். அன்டோனியோனியின் ‘கிரகணம்’ (1962) படத்தில் ரோம் பங்குச் சந்தையில் இறந்த ஒரு தரகருக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் மௌனமாக நிற்கிறார்கள், தொலைபேசிகள் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. அதே படத்தில் ஐந்து கோடி லீரா இழந்த ஒருவர் காபிக் கடையில் உட்கார்ந்து காகிதத்தில் பூப் படம் வரைகிறார். அற்புதமான காட்சி, ஆனால் அன்டோனியோனிக்குப் பணம் ஒரு பின்புலம்தான். ஆலிவர் ஸ்டோனின் ‘வால் ஸ்ட்ரீட்’ (1987) இருக்கிறது. கார்டன் கெக்கோ பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து பேராசையைப் புகழ்ந்து பேசுகிறான். ஸ்டோன் கண்டனம் செய்யத்தான் நினைத்தார். பங்குத் தரகராக இருந்த தன் அப்பாவுக்குப் படத்தைச் சமர்ப்பணமும் செய்தார். மைக்கேல் டக்ளஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று பலர் தன்னிடம் சொன்னதாக டக்ளஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆச்சரியம் இல்லை. கெக்கோவுக்கு நல்ல சட்டை, நல்ல வசனம், கடற்கரையில் சூரிய உதயம் எல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிஷத்தில் தர்மத்தைக் கொண்டுவந்தால், பார்க்கிறவன் சட்டையைத்தான் எடுத்துக்கொள்வான். பேராசையைப் பெரிதாகக் காட்டுகிற படங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சௌகரியம் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆசை நமக்கு இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். புகைப்படக் கடைக்காரனைப் பார்த்துவிட்டு அந்த நிம்மதியோடு எழுந்து போக என்னால் முடியவில்லை.

இந்தப் படம் டால்ஸ்டாயின் ஒரு நீண்ட கதையிலிருந்து எடுக்கப்பட்டது. டால்ஸ்டாய் தன் கடைசிக் காலத்தில் எழுதி, அவர் இறந்த பிறகு 1911இல் வெளியான ‘போலிக் கூப்பன்’. அதிலும் பள்ளிக்கூடப் பையன்கள்தான். இரண்டரை ரூபிள் கூப்பனில் ஒன்று என்ற எண்ணைச் சேர்த்துப் பன்னிரண்டரையாக ஆக்குகிறார்கள். அதிலும் புகைப்படச் சாமான் கடைதான். ஏமாறுகிறவன் விறகு விற்க வந்த குடியானவன். பொய்ச் சாட்சி சொல்கிறவன் வாயிற்காவலன். தீமை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவித் தாவிப் போய், பென்ஷன் வாங்கி வாழும் ஒரு நல்ல பெண்ணைக் கொல்வதில் முடிகிறது. ஆனால் டால்ஸ்டாய்க்கு அது பாதிக் கதை. செத்தவளின் முகமும் சொல்லும் கொலைகாரனை விடுவதில்லை. சிறையில் அவன் மாறுகிறான். அவனிடமிருந்து நல்லது இன்னொருவனுக்குத் தொற்றுகிறது, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு. தீமை எந்த வழியில் பரவியதோ அந்த வழியிலேயே நன்மையும் பரவிப் போய், கடைசியில் கூப்பனைத் திருத்திய பையனையே தொடுகிறது.

ப்ரெஸ்ஸோன் இந்த இரண்டாம் பாதியை வெட்டி எறிந்துவிட்டார். அவர் விசுவாசமற்றவர் அல்ல. வாழ்நாள் முழுக்கக் கத்தோலிக்கர் என்றும் ஜான்ஸெனிஸ்ட் என்றும் விமர்சகர்களால் முத்திரை குத்தப்பட்டவர். 1959இல் எடுத்த ‘பிக்பாக்கெட்’ படத்தின் கடைசியில், சிறைக் கம்பிகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் முகத்தில் நாயகனுக்கு மீட்சியைக் கொடுத்தவர். எண்பதைத் தாண்டிய கிழவர், டால்ஸ்டாய் தட்டில் வைத்துக் கொடுத்த மீட்சியை ஏன் வேண்டாம் என்றார்?

நம்பிக்கை இழந்துவிட்டார் என்று ஒரு பதில் உண்டு. சமூகத்தைப் பற்றிய கோபம் ஆன்மீகத்தை மீறிவிட்டது என்று நம் முற்போக்கு நண்பர்கள் ஒரு பதில் சொல்வார்கள். சரணடைவதுதான் மீட்சி, அந்த வாக்குமூலமே போதும் என்று ஷ்ரேடர் வழியில் வருகிறவர்கள் மூன்றாவது பதில் சொல்வார்கள். நான் மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. இரண்டாம் பாதியை வெட்டியதற்குக் காரணம் நம்பிக்கை சம்பந்தப்பட்டதல்ல, பார்வை சம்பந்தப்பட்டது. டால்ஸ்டாயின் கதையில் தீமை பரவுவதை நம்மால் பார்க்க முடிகிறது. கை மாறுகிறது, கூப்பன் மாறுகிறது, ஒரு பொய் சொல்லப்படுகிறது, எல்லாம் ஸ்தூலமானவை. நன்மை பரவுவதை டால்ஸ்டாய் நமக்குச் சொல்கிறார், நாம் அவரை நம்ப வேண்டியிருக்கிறது. ப்ரெஸ்ஸோன் காமிராவுக்கு முன்னால் வைக்க முடியாத எதையும் சொல்லமாட்டார். மனம் மாறியது என்பதைக் காட்ட அவரிடம் ஒரு கை இல்லை. ஆகவே விட்டுவிட்டார். இது கலைஞனின் நேர்மை. இதை அவநம்பிக்கை என்று மொழிபெயர்ப்பது நம் அவசரம்.

கை என்றேன். இந்தப் படத்தில் முகங்களைவிடக் கைகள் அதிகம். நோட்டை நீட்டும் கை, வாங்கும் கை, கல்லாவைத் திறக்கும் கை, சட்டத்தைக் காகிதத்தில் சுற்றும் கை. ஈவோன் சாப்பாட்டுக் கடையில் ஒருவனைத் தள்ளும்போது, தள்ளிய பிறகு விரிந்தபடியே நிற்கிற கையைத்தான் பார்க்கிறோம். விழுகிற சத்தம் காதில் கேட்கிறது. ஹோட்டல் கொலைகளைக் காட்டவில்லை. தொட்டியில் கழுவப்படும் கைகளும் சிவந்து ஓடும் தண்ணீரும்தான். நரைத்த தலைப் பெண் காபிக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி வரும்போது அவள் அப்பா அவளை அறைகிறார். அடி விழுகிற சத்தம் வருகிறது, காட்சியில் தெரிவது காபி சிந்துகிற கைகள். பல படங்களில் கன்னத்தில் விழும் அறைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நினைவில்லை. இந்தக் காபி சிந்தியது மறக்காது.

இதைப் பாணி என்றும், துண்டுபடுத்தும் உத்தி என்றும் படித்திருந்தேன். நேரில் பார்க்கும்போது உத்தியாகவே தெரியவில்லை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் உலகத்தை இப்படித்தான் பார்க்கிறான். கண்ணாடியில் வெட்டிவிட்ட அந்தச் சின்ன இடைவெளி வழியாக நாள் முழுக்கக் கைகள்தான் வருகின்றன. மசி ஒட்டிய கை, மருதாணிக் கை, சிமெண்டில் வெடித்த கை, மோதிரக் கை. சலானில் இருக்கிற பெயரைவிடக் கையை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க நேரம் கிடையாது. கள்ள நோட்டு அகப்படும்போதுதான் நிமிர்ந்து பார்ப்போம். அதாவது, ஒருவன் சந்தேகத்துக்கு ஆளாகிற அந்தக் கணத்தில்தான் அவனுக்கு எங்களிடம் முகம் கிடைக்கிறது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் மகள் கணக்கில் கட்டுவதற்கு எட்டாயிரம் கொண்டுவந்தார். பதினாறு ஐநூறு ரூபாய் நோட்டுகள். அதில் ஒன்று கள்ள நோட்டு. விரலுக்கே தெரிந்துவிட்டது. ஓரத்தில் மேடாக இருக்க வேண்டிய ஐந்து கோடுகளும் வழவழவென்று இருந்தன. அல்ட்ரா வயலட் விளக்குக்கே போகவேண்டியதில்லை. விதி தெளிவானது. நோட்டைத் திருப்பித் தரக்கூடாது. கள்ள நோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் நாலு நோட்டு வரை என்றால் மாதக் கணக்கில் போலீஸுக்கு மொத்தமாக அனுப்பலாம், ஐந்தானால் உடனே புகார். பதிலுக்குப் பணம் எதுவும் கிடையாது. நான் முத்திரையை எடுத்தேன். அவர் சொன்னார்: ‘தம்பி, இது நேத்து ராத்திரி உங்க மெஷின்லதான் எடுத்தேன். வாசல்ல இருக்கே, அதுல.’

இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லையே ஐயா என்றேன். அது உண்மை. ஏ.டி.எம். சீட்டை அவர் அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டிருந்தார், அது இருந்திருந்தாலும் நோட்டின் எண் அதில் இருக்காது. மெஷினுக்குப் பணம் நிரப்புவது வேறு ஆட்கள். விசாரிக்கச் சொல்லி நான் ஒரு காகிதம் எழுதியிருக்கலாம். அன்று சம்பளத் தேதி, வரிசை கதவு வரை நின்றது. முத்திரை குத்தினேன். ரசீதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டாலும் ரசீது கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கொடுத்தேன். மீதி ஏழாயிரத்து ஐநூறைக் கட்டிவிட்டுப் போனார். லூசியன் சொன்னது பொய், நான் சொன்னது பொய் அல்ல. படத்தைப் பார்க்கும்வரை இந்த வித்தியாசம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் சங்கடப்படுத்துவதும் ஒன்றே. கள்ள நோட்டு படத்தின் ஆரம்பப் பகுதியிலேயே மறைந்துவிடுகிறது. ஈவோனின் வழக்கு முடிந்த பிறகு அந்த நோட்டு எங்கேயும் வருவதில்லை. ஆனால் அது தொடங்கி வைத்த ஓட்டம் நிற்பதில்லை. ‘பல்தஸார்’ (1966) படத்தில் ஒரு கழுதை எஜமானன் மாறி எஜமானன் கைக்குப் போகிறது. ஒவ்வொருவர் பாவத்தையும் ஏற்று, கடைசியில் ஆட்டு மந்தை நடுவே படுத்துச் சாகிறது. அங்கே சுமக்க ஒரு ஜீவன் இருந்தது. இங்கே சுமப்பதற்கு ஒன்றுமில்லை. காகிதம் போய்விட்ட பிறகும் கைமாறுவது தொடர்கிறது. கடிதம் கை மாறுகிறது: சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துத் தணிக்கை செய்யும் அறை ஒன்று வருகிறது. ஈவோனின் குழந்தை இறந்த செய்தி அவனுக்கு முன்னால் ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிகிறது. படித்துவிட்டு உறைக்குள் வைக்கிறார்கள். அந்த அறையில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை பார்க்கிறார்கள். உலக ஸினிமாவில் குமாஸ்தாக்களை இவ்வளவு சரியாகப் பார்த்த படம் எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று ப்ரான்ஸில் புழக்கத்தில் இருந்த 500 ஃப்ராங்க் நோட்டில் இருந்தது தத்துவவாதி பாஸ்கலின் முகம். கடவுளை நம்புவதா வேண்டாமா என்பதை ஒரு பந்தயமாக வைத்துப் பேசிய பாஸ்கல், ஜான்ஸெனிஸ்டுகளின் பக்கம் நின்று வாதாடிய பாஸ்கல். ப்ரெஸ்ஸோன் இதைத் திட்டமிட்டு எடுத்துக்கொள்ளவில்லை, நோட்டு அப்படித்தான் இருந்தது. ஆனாலும் கள்ள நோட்டிலும் அதே பாஸ்கல்தான் இருப்பார் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது. யூரோ வந்த பின் அந்த நோட்டு நிஜமானாலும் செல்லாது. நிஜ நோட்டு செல்லாமல் போவது எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவுக்குப் பிறகு கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் முத்திரை குத்தவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாட்டிலிருந்த 500, 1000 நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரு அறிவிப்பு முத்திரை குத்திவிட்டது. செல்லாததாக்கப்பட்ட தொகையில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே பின்னால் சொன்னது. அந்த வாரங்களில் வரிசையில் நின்றவர்களின் கண்களில், ஈவோன் சாப்பாட்டுக் கடையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே திகைப்பு இருந்தது. அவன் கையில் இருந்தது பொய், இவர்கள் கையில் இருந்தது நிஜம். திகைப்பில் வித்தியாசம் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பார்க்காமல் புகழ்ந்த குற்றத்துக்குப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் புகழ்வது பரிகாரம் ஆகாது. ப்ரெஸ்ஸோன் நடிகர்களை வைத்துக்கொள்வதில்லை, மாதிரிகள் என்று அவர் அழைக்கும் சாதாரண ஆட்களைத்தான். உணர்ச்சியை முகத்தில் காட்டாதே, சொல்லைச் சொல்லிவிட்டுப் போ என்பது அவர் கட்டளை. ஈவோனிடம் இது பிரமாதமாகப் பலிக்கிறது. எலீஸிடம் பலிக்கவில்லை. குழந்தையை இழந்து புருஷனையும் விடுகிற ஒரு பெண்ணுக்குப் படத்தில் இடமே போதவில்லை. அவளுடைய மௌனம் பாணியின் மௌனமாக நின்றுவிடுகிறது. லூசியனைப் பற்றிய பகுதியும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கடையில் விலைச் சீட்டை மாற்றிக் காசு அடிப்பது, பிடிபட்டு வெளியேறிப் பெட்டியைக் கொள்ளையடிப்பது, ஏ.டி.எம். இயந்திரங்களில் கைவரிசை காட்டுவது வரை சரி. பிறகு திருடிய பணத்தில் தர்மம் செய்யக் கிளம்புகிற தத்துவத் திருடனாக அவன் பேசும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்ய நாவலின் வாசனை பாரிஸ் தெருவில் அடிக்கிறது.

1983இல் கான் விழாவில் இந்தப் படத்துக்கும் தார்க்கோவ்ஸ்கியின் ‘நாஸ்டால்ஜியா’வுக்கும் ஒரு சிறப்புப் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். கொடுத்தவர் ஆர்ஸன் வெல்ஸ். ப்ரெஸ்ஸோன் மேடைக்கு வந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. தங்கப் பனை இமாமுராவின் ‘நராயாமா’வுக்குப் போனது. அதன் பிறகு 1999இல் இறக்கும்வரை ப்ரெஸ்ஸோன் படம் எடுக்கவில்லை. அந்தக் கூச்சலைப் பற்றியும் நான் கண்டனமாக எழுதியிருக்கிறேன், படம் பார்க்காமலேயே. கூச்சல் போட்டவர்கள் குறைந்தபட்சம் படத்தைப் பார்த்திருந்தார்கள்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அஞ்சலகத்தில் பென்ஷன் வாங்கும் பெண்ணின் கையில் பணத்தைப் பார்த்துத்தான் ஈவோன் அவளைப் பின்தொடர்கிறான். அவள் வீட்டில் தங்குகிறான். அவள் உருளைக்கிழங்கு தோண்டுகிறாள், துணி துவைக்கிறாள், நோயாளிப் பையனைப் பார்த்துக்கொள்கிறாள், பியானோ வாசித்துக் குடிக்கிற அப்பனின் ஏச்சைக் கேட்கிறாள். அவன் கொலைகாரன் என்று அவளுக்குத் தெரியும். துணி உலர்த்தும்போது அவன் உதவுகிறான். செடியிலிருந்து கொட்டைகளைப் பறித்து அவளிடம் கொடுக்கிறான், இருவரும் தின்கிறார்கள். வெயில் அடிக்கிறது, இலைகள் அசைகிறது கேட்கிறது. படம் முழுக்க ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எதுவும் கணக்கில்லாமல் போனது இங்கே மட்டும்தான். விலை இல்லை, ரசீது இல்லை, பொய் இல்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காக ப்ரெஸ்ஸோன் இதற்கு முந்திய ஒரு மணி நேரத்தையும் கட்டியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

அன்று இரவே கோடாலி. சமூக அநீதி என்ற விளக்கம் ஈவோனைச் சிறைவாசல் வரை கொண்டுவந்து விடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. பணக்காரப் பையனைத் தாயின் உறை காப்பாற்றியது, இவனுக்கு உறை கொடுக்க ஆள் இல்லை. ஆனால் கொட்டை தின்ற கைக்கும் கோடாலிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அந்த விளக்கம் கடக்காது. கடவுளைக் கொண்டுவந்தாலும் கடக்காது. நாய் ஒன்று வீட்டுக்குள் அறை அறையாக முனகிக்கொண்டு ஓடுகிறது. கடைசியாக அவளுக்கு முன்னால் கோடாலியோடு நின்று, பணம் எங்கே என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவன் பணத்துக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. படம் முழுக்க எல்லாரும் கேட்ட கேள்வி அது ஒன்றுதான், அவனுக்கும் வேறு கேள்வி தெரிந்திருக்கவில்லை.

காபிக் கடையிலிருந்து போலீஸார் அவனை வெளியே கொண்டுவருகிறார்கள். வாசலில் கூடிய ஜனங்கள் பார்க்கிறார்கள். அவன் போய்விட்ட பிறகும் அவர்கள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலியான வாசலையே, உள்ளே இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பது போல, பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் அங்கே நின்றுவிடுகிறது.

அச்சில் ஒரு தடவை எழுதினேன் என்று சொன்னேனே, அந்தக் கட்டுரை வந்த பத்திரிகை என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது. அதில் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஜனங்கள் ஈவோன் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருக்கிறேன்.